இருபது அடிக் கிணறும் என் வரைபடமும்

பூமி அறிவியல் தரவுகளில் எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று எழுதிவைப்பதற்கான விதிகளை விரிவாக்கும் குழுவில் நான் இருக்கிறேன். காற்றுக்கு அது வரும் திசையைச் சொல்வார்கள். கடல் நீரோட்டத்துக்குப் போகும் திசையை. ஆழம் என்றால் கீழே போகப்போக எண் கூடும், உயரம் என்றால் மேலே. இதை ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரியாகக் குறித்தே ஆகவேண்டும் என்று இரண்டு வருடமாகத் திரைக்கு முன் உட்கார்ந்து வாதாடுகிறோம். வீட்டில் இதை வேலை என்று யாரும் நம்புவதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் ஒரு கிணறு. கோடை தொடங்கியதும் அதன் அளவை வரைபடமாக்கி வாட்ஸ்அப் குழுவில் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாட்ச்மேன் கல் கட்டிய கயிற்றை அடிவரை விட்டு, நனைந்த நீளத்தை அளந்து சொல்வார். நான் பதிவேன். தலைப்பு, ‘கிணறு’. அவ்வளவுதான்.

முதலில் இறங்கிய கோடு, அக்னி நட்சத்திரத்தில் ஏற ஆரம்பித்தது. குழுவில் கைதட்டல் பொம்மைகள். இந்த வெயிலில் கிணறு எப்படி ஊறும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வளைவு அழகாக வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செக்ரட்டரி மாமா அந்த ஞாயிறு வீட்டிலேயே பெண்ணுக்குச் சீமந்தம் வைத்திருந்தார். எண்பது பேர். முந்தின நாள் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

“தண்ணி லாரிக்குச் சொல்லட்டுமா? உங்க கோடு மேலதானே போயிண்டிருக்கு?”

“வேண்டாம் மாமா. பதினெட்டு அடி இருக்கு.”

“சரி. ஆத்துல எல்லாரும் உங்களைத்தான் நம்பிண்டிருக்கா.”

ஞாயிறு காலை, இலை போடும் நேரத்தில் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கமறியது. நானும் வாட்ச்மேனும் கிணற்றை எட்டிப் பார்த்தோம். அடியில் முழங்காலளவு தண்ணீர்.

“பதினெட்டுன்னு நேத்துதானே சொன்னீங்க?”

“ஆமா சார். மேலேர்ந்து தண்ணி வரிக்கும் பதினெட்டு.”

“நனைஞ்ச கயிறைத்தானே அளப்பீங்க?”

“அது மொதல்ல. கல்லு சேத்துல மாட்டிக்கினு வரவேல்ல சார். அப்பால வாளிய உட்டு, காஞ்ச கயிறத்தான் அளந்துகினு கீறேன். நீ எந்தப் பக்கம்னு கேக்கவே இல்லியே சார்.”

கிணறு மொத்தம் இருபது அடி. அளவு மாறிய அன்று சரிபாதி தண்ணீர். நனைந்தது பத்து, காய்ந்தது பத்து. ஆகவே கோட்டில் ஒரு பிசிறுகூட இல்லை.

லாரிக்காரர் நாளைக்குத்தான் என்றுவிட்டார். தெருமுனைக் கடையில் இருந்த தண்ணீர் கேன்களையெல்லாம் வாங்கி, லிஃப்டை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு, மூன்றாவது மாடியில் மாமா வீட்டுக்கு ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்தேன். அதற்குள் வாட்ச்மேன் கிணற்றுச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தார்: ‘நம்பர் ஏறினா தண்ணி எறங்குது.’ எங்கள் விதிக் குழு இன்னும் முடிக்காத வரி.

நான்காவது கேனோடு ஏறும்போது மாமா வாசலில் நின்றிருந்தார். பெண் உள்ளே வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்போ மேலதானே வரேள்? இதுல சந்தேகம் ஒண்ணும் இல்லையே?”

இல்லை என்றேன்.