அவிழ்க்காத காப்பு

என் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றால் முதலில் உப்புத் தண்ணீர் வாசனை வரும்; இன்னும் கிட்டே போய் இடுப்பில் முகத்தை வைத்தால், அங்கே செருகியிருக்கும் சுருக்குப் பையிலிருந்து, வெல்லம் தீய்ந்தது போன்ற ஒரு வாசனை மூக்குக்குள் ஏறி லேசாக எரியும். அது புகையிலை. எங்கள் பக்கத்தில் 'போயில' என்போம். மரக்காணத்து உப்பளத்தில் தலையில் கூடை தூக்கும் பெண்களில் அதைக் கன்னத்தில் அடக்காதவர்கள் அப்போது குறைவு. விடியும்போது அளத்தில் இறங்கினால் வெயில் நன்றாக ஏறும்வரை கஞ்சி கிடையாது, குடிக்கிற தண்ணீர்க் குடம் தூரத்தில் கரைமேல் இருக்கும். ஒரு துண்டு போயிலையை ஒதுக்கிக்கொண்டால் பசியும் தாகமும் தெரியாது என்பார்கள். அம்மா பத்துக் கூடை கொட்டிவிட்டு, அடுத்த நடைக்குப் போகுமுன் உப்புக் குவியலின் நிழலில் நின்று ஒரு துண்டு கிள்ளிப் போடுவாள். போடலாமா என்று யோசித்து அவள் போட்டதை நான் பார்த்ததில்லை. கை தானாக இடுப்புக்குப் போகும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் எனக்கு வாய் வராது. எழுந்து நின்று நகத்தைக் கடிப்பேன். படிப்பு நின்று அம்மாவோடு அளத்துக்குப் போக ஆரம்பித்த பிறகும் நகம் கடிப்பது நிற்கவில்லை. உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்புத் தண்ணீரில் ஒருநாள் அம்மா என் பத்து விரலையும் முக்கி எடுத்து, "இப்ப கடிடா, பாக்கலாம்" என்றாள். இரண்டு நாள் குமட்டியது. அப்புறம் அந்தக் கசப்பும் பழகிப்போய், கழுவிய விரல்தான் சப்பென்று இருந்தது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன இரண்டாவது மாதம், 2005 மாசியில், அம்மாவின் இடது கன்னத்துக்குள் காரம் பட்டால் எரிச்சல் வர ஆரம்பித்தது. அப்பா சென்னையில் கட்டட வேலை பார்த்து மாதம் ஒருமுறை வருகிறவர் என்பதால், துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பாலாடை ஒட்டியது போல ஒரு வெள்ளை. "இது இப்ப வெறும் வெள்ளைதாம்மா. புகையிலையை விட்டா கரைஞ்சாலும் கரையும். விடலைன்னா புத்துநோயாயிடும், தாடையோட எடுக்க வேண்டி வரும். மூணு மாசம் கழிச்சு கண்டிப்பா வரணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் கூனிமேடு தாண்டியதும் அம்மா சுருக்குப் பையை ஜன்னல் வழியாக வீசினாள். பிறகு என் கையைப் பிடித்து, ரத்தம் கட்டியிருந்த விரல் நுனிகளைப் பார்த்து, "நான் போயிலய தொட மாட்டேன். நீ நகத்த கடிக்காத. யாரு மொதல்ல தோக்கறாங்கன்னு பாத்துடலாம்" என்றாள். அவள் அதை விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நான் கடித்தால் அம்மாவின் தாடை போய்விடும் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்தாவது கூடையைக் கொட்டியதும் அம்மாவின் கை இடுப்புக்குப் போனது. அங்கே பை இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள், கூடவே கூடை தூக்கும் செல்லக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாடி அஞ்சல, மூணு நாளா வயித்தத் தடவித் தடவிப் பாத்துக்கற, எதுனா விசேஷமா?" என்றாள். குவியலடியில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "போடி இவளே, ஒரு துண்டு எடு" என்று கை நீட்டினாள்.

அன்று மாலை அவள் கொய்யா இலையை மென்றபடி வீட்டுக்கு வந்தாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அவள் வாயில் கொய்யா இலைக்கு அடியில் எனக்குப் போயில வாசனை தெரியும். பாத்தித் தண்ணீர் பட்டு விரல் எரிந்து நான் முகம் சுளிப்பதில் அவளுக்கு என் நகம் தெரியும்.

சித்திரையில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு அம்மா வேண்டிக்கொண்டு காப்பு கட்டிக்கொண்டாள். மஞ்சள் கிழங்கு வைத்து மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு அது. கட்டியவர்கள் மீன், கறி என்று கவிச்சி எதுவும் தொடக்கூடாது, போயில, பீடி கூடாது, அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பத்து நாள் அம்மா ஒரு துண்டுகூடப் போடவில்லை. செல்லக்காவே பையைத் தூர வைத்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் தீக்குழியில் அம்மா இறங்கி நடந்தபோது, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற நான் ஒரு நகத்தையும் கடிக்கவில்லை.

மறுநாள் எல்லோரும் காப்பு அவிழ்க்கப் போனார்கள். அம்மா போகவில்லை. பூசாரி வழியில் பார்த்து, "இன்னாம்மா, அவுக்கலியா?" என்று கேட்டதற்கு, "இன்னொரு வேண்டுதல் பாக்கி கீது பூசாரி" என்றாள். "வெச்சிக்கோ. ஆனா எல்ல தாண்டாத, ஆத்தா சும்மா வுடமாட்டா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கயிறு நன்றாகவே வேலை செய்தது. அளம் ஊர் எல்லைக்குள்தான் இருந்தது, அதனால் வேலைக்குத் தடையில்லை. பத்தாவது கூடை கொட்டியதும் அம்மாவின் கை வழக்கம்போல இடுப்புக்குப் புறப்படும், பாதி வழியில் மஞ்சள் கயிறு கண்ணில் படும், கை திரும்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் அப்படி இருந்தாள். செல்லக்கா, "தீய மிதிச்சவளாச்சே, உன்கிட்ட எவ நெருங்குவா" என்று கிண்டல் செய்தாலும், பை பக்கம் கை காட்டவில்லை.

வைகாசியில் டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் வந்தது. பாண்டிச்சேரி போக வேண்டும்; போனால் எல்லை தாண்ட வேண்டும்.

"அவுத்துட்டுப் போலாம்மா" என்றேன்.

"அவுத்தா அன்னிக்கே போட்டுடுவேன்டா. என்ன எனக்குத் தெரியாதா?"

"அப்ப கயித்தோட போலாம்."

"தீ மிதிச்ச காலுடா. எல்ல தாண்டினா கொப்புளம் வந்து பொத்துப்பூடும். அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள், அதற்கு அடுத்த வாரமும். கத்திக்குப் பயந்தும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. போயிலையிலிருந்து காப்பாற்றிய கயிறே ஆஸ்பத்திரிக்குப் போக விடாமலும் கட்டிப்போட்டிருந்தது.

ஒரு மத்தியானம் அளத்திலிருந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு, வாசல் வெளிச்சம் முகத்தில் விழ அம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து கன்னத்துக்குள் பார்த்தேன். வெள்ளை கரையவில்லை. அதன் நடுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஒன்று வந்திருந்தது. செல்லக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள், "இன்னாடா ஏழுமல?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. கோயிலுக்குப் போனேன், பூசாரி விளக்கு துடைத்துக்கொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் அரிவாள்மணை இருந்தது, ஆனால் காப்பில் இரும்பு படக்கூடாது என்று கேட்டிருந்தேன்.

மண்டியிட்டு, அவள் மணிக்கட்டை மெல்ல என் வாய்க்குக் கொண்டுவந்து, கயிற்றைக் கடித்தேன். உப்பும் வேர்வையும் ஊறிக் கம்பி போல இறுகியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆனாலும் வெகு நேரம் பிடித்தது. அறுந்ததும் அம்மா கண் திறந்தாள். என் உதட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடிச்சியா?"

தலையை ஆட்டினேன். "உள்ள செவப்பா இருக்குதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, கயிறு இல்லாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆத்தா உன் பல்லுல வந்து உக்காந்துட்டாளா, இல்ல நீயே கடிச்சியா, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். அன்று சாயங்காலம் கயிற்றையும் மஞ்சளையும் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மரக்காணம் பஸ் நிறுத்தத்தில், பஸ் வருவதற்குள், அம்மா எதிர்க்கடைக்குப் போய்விட்டு வந்தாள். வந்து என் பக்கத்தில் நின்றபோது அவள் கன்னம் உப்பியிருந்தது. என் கட்டைவிரல் என் வாயில் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

"விட்டுட்டீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வுட்டுட்டேன் டாக்டர். இன்னிக்குக் காலைல பஸ் ஏறுற வரைக்கும் வுட்டுத்தான் இருந்தேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தவர் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். கன்னத்துக்குள் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் தாடைக்கு இறங்கியிருக்கும் என்று பிறகு அப்பாவிடம் சொன்னார்களாம்.

அடுத்த வருஷம் சீசனில் அம்மா மறுபடி அளத்துக்குப் போனாள். போன முதல் நாளே மேஸ்திரியிடம், கூடை வேண்டாம், உப்பு வாருகிற வேலை கொடுங்கள் என்று கேட்டாள்.

"ஆம்பள வேலைய நீ இன்னாத்துக்கும்மா கேக்குற?"

"ரெண்டு கையும் கம்புல இருக்கணும் மேஸ்திரி."

அவர் விழித்தார், ஆனால் கொடுத்தார். நீளக் கம்பு வைத்த பலகையால் அம்மா பாத்திக்குள் நின்று உப்பு இழுத்தாள். அங்கே பத்தாவது கூடை இல்லை, குவியல் நிழல் இல்லை. செல்லக்காவிடம், "நான் அழுதாலும் தராதடி" என்று சொல்லி வைத்தாள். அப்படியும் இரண்டு தடவை அழுதாள், ஒரு தடவை செல்லக்கா கொடுத்தும்விட்டாள். அதற்கு அப்புறம் இல்லை.

மனசில் உறுதி இருந்தால் எதையும் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. எனக்குப் பேச வராது. என் அம்மாவுக்கு உறுதி இல்லாமல் இல்லை. கொதிக்கிற தீக்குழியில் இறங்கி அக்கரைக்கு நடந்தவள் அவள். அதே கால்களால் செல்லக்காவின் சுருக்குப் பையைத் தாண்டிப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. விரல் நுனிகளை மடக்கி வைத்துக்கொண்டுதான் ஆட்களோடு பேசுகிறேன். செல்லக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். சுருக்குப் பையும் காணோம். கடையில் அதற்குப் பதிலாக மென்று துப்பும் பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அம்மா வேலைக்குப் போவதில்லை. காலையில் வெயில் ஏறும் நேரத்தில், பத்தாவது கூடை கொட்டி முடிக்கிற அந்த நேரத்தில், வாசலில் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுடைய இடது கன்னம் லேசாக அசையும். போயிலையை ஒதுக்கி வைத்த அந்த இடத்தை வெட்டி எடுத்து இருபது வருஷம் ஆகிறது. நாக்கு மட்டும் தினமும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.