அகலத் திரையில் அம்மா

என் வீட்டுக்காரர் ரொனால்டு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான். தொண்ணூற்றாறில் திண்டுக்கல் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் தட்டித் தட்டியே டிசைன் கற்றுக்கொண்டு நாகல் நகரில் கடை போட்டார். கெட்டிக்காரர்தான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது என்று அவர் சொல்வார். சொல்லட்டும்.

2008இல் என் அம்மா வியாகுலம்மாள் இறந்துபோனாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் முப்பதாம் நாள் திருப்பலி. வாசலில் கட்ட அம்மா படம் போட்ட ஃபிளக்ஸ் வேண்டும், அம்மாவை நேரில் பார்ப்பது போலவே இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இனி அந்த முகத்தை வேறெங்கே போய்ப் பார்ப்பேன்?

அந்த வாரம்தான் இருபத்துநாலு அங்குல மானிட்டர் வாங்கியிருந்தார். பழையது கிட்டத்தட்டச் சதுரம், இது நல்ல அகலம். ஒரு முடிகூடத் துல்லியமாகத் தெரியுமாம், ஒரே பெருமை. லேப்டாப்பில் கேபிளைச் செருகினார். படம் வந்தது. திரையளவை மாற்ற வேண்டும் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்ததை யார் படிப்பது? அப்போதெல்லாம் தினமும் பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விடும்.

திரையில் அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க இது, எங்கம்மா மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு? இம்புட்டு குண்டாவா இருந்துச்சு?"

"போட்டோ அப்படித்தான் இருக்கு ஜோஸ்பின்."

"பெத்தவ மொகம் எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் குறைங்க."

குறைத்தார்.

"இன்னுங் கொஞ்சம். ஆங், இப்பதான் எங்கம்மா."

கரண்ட் போவதற்குள் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

திருப்பலியன்று காலையில் கோயில் வாசலில் ஃபிளக்ஸை விரித்தார்கள். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, யாரோ ஒருத்தி.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "மானிட்டர்ல அளவு மாத்தாம விட்டுட்டேன். அதுதான் படத்த அகலமா இழுத்துக் காட்டிருக்கு. போட்டோ சரியாத்தான் இருந்திருக்கு, நாமதான் ஒல்லியாக்கிட்டோம்."

"நாமளா? ஊருக்கெல்லாம் ஆல்பம் போடுறீங்க, எங்கம்மாவுக்கு மட்டும் இப்படியா? இது எங்கம்மாவே இல்ல, சுருட்டுங்க!" அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். குறைக்கச் சொன்னதே நான்தான். பாவம் அந்த மனுஷன், குனிந்து சுருட்ட ஆரம்பித்தார்.

கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டிவிட்ட பக்கத்து வீட்டுப் பேச்சாயி அத்தை வந்து ஃபிளக்ஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்த்தா சுருட்டச் சொல்ற? கடைசி மூணு மாசமா இப்படித்தான இருந்தா. சோறே எறங்கல. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா. போன்ல நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

திண்டுக்கல்லிலிருந்து அரைமணி நேர பஸ்தான். டீச்சர் வேலை, பரீட்சைப் பேப்பர், பள்ளி ஆண்டுவிழா என்று அந்த மூன்று மாதமும் நான் போகவில்லை. பெட்டியில் கிடத்தியிருந்தபோது ஒட்டிய கன்னத்தைப் பார்க்கத்தான் செய்தேன். செத்தால் முகம் அப்படித்தான் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் மணி அடித்தது. பாதி சுருட்டிய ஃபிளக்ஸோடு அவர் என்னைப் பார்த்தார்.

"கட்டுங்க" என்றேன்.