ஓவசியருக்குக் கொண்டுபோன சோறு

எங்கள் ஊர் மலையை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். நிலாவெளியைத் தாண்டிக் கடலோரமாகக் கிடந்த கருங்கல் குன்று அது. தென்னைகளை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். ஆனால் மாரியில் வாடைக்காற்றை மறித்து நின்றது அது ஒன்றுதான். அதன் மறைவில்தான் எங்கள் வீடுகள் இருந்தன, கரையேற்றிய வள்ளங்களும் இருந்தன. துறைமுகத்து வேலைக்குக் கல் வேண்டுமாம், அந்த மலையை வெடிவைத்து உடைக்கப் போகிறார்களாம் என்ற கதை வந்தபோது எனக்கு எட்டு வயது.

அப்பா கரைவலை வைத்திருந்த சம்மாட்டி. அவருடைய வலையை இழுக்கிற குடும்பங்களெல்லாம் அவர் சொல்லைக் கேட்கும், அல்லது கேட்பதுபோல நிற்கும். அவர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போய் மனுக் கொடுத்தார். வாங்கியவர் மிக மரியாதையாக வாங்கிக்கொண்டாராம். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மலையடியில் ஒரு கூடாரம் முளைத்து, அதில் ஓர் ஓவசியர் வந்து இறங்கினார். கல்லைத் துளைத்துப் பார்த்து, உதவுமா உதவாதா என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். கல் உதவுமென்றால் இரண்டு மூன்று வருடம் இங்கேயே இருந்து வேலையை நடத்தப் போகிறவரும் அவர்தான்.

அன்று பின்னேரம் எங்கள் முற்றத்தில் ஊர் கூடியது. கூடாரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றார்கள் சிலர். கிணற்றில் தண்ணீர் அள்ள விடக்கூடாது என்றார்கள் வேறு சிலர். வலைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆள் பருத்தித்துறைப் பக்கமாம். எங்கட ஆக்கள்தானாம். இன்னும் கலியாணம் கட்டேல்லையாம். பெண் எடுக்கிற ஊர் மலையை ஆரும் உடைப்பானோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. பிறகு எல்லோரும் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்த எங்கள் குசினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குசினியில் சின்னம்மா இருந்தா. அம்மாவின் தங்கை. முப்பது வயது கடந்திருந்தது. அவவின் சாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தபடியால் வந்த சம்பந்தங்களெல்லாம் வாசற் படலையோடு திரும்பிப் போயிருந்தன. அதுவரை அதைப் பற்றிக் கவலைப்படாத ஊர் அன்றிலிருந்து மிகவும் கவலைப்பட்டது. செவ்வாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் வேலையாக ஓவசியருக்கு மத்தியானச் சோறு எங்கள் வீட்டிலிருந்து போவதென்று தீர்மானித்தார்கள். விடியற்காலையில் பாரைமீன் வந்தது. ஒருத்தி முருங்கைக்காய் கொண்டுவந்தா. சின்னம்மா காய்ச்சினா. அடுக்குச் சட்டியில் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு.

ஓவசியர் மெலிந்தவர், அதிகம் கதைக்காதவர். முதல் நாள் சாப்பிட்டு முடித்து, "இது ஆர் காய்ச்சினது, பிள்ளை?" என்று கேட்டார்.

"சின்னம்மா."

"நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "முதல் எதைத் தொட்டுச் சாப்பிட்டவர்?" என்று சின்னம்மா கேட்டா. எனக்கு அது ஞாபகமில்லை. அடுத்த நாளிலிருந்து கவனித்துக்கொண்டு வந்து சொன்னேன். வெறுஞ்சட்டியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற மரியாதை அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் பாலைப்பழம் வரும், ஒருநாள் நாவற்பழம் வரும், ஒன்றும் கிடைக்காத நாளில் மினுங்குகிற வெள்ளைக் கல் ஒன்று வரும். பழத்தை நான் தின்பேன். கல்லைச் சின்னம்மா எடுத்துக்கொள்ளுவா. அந்த நாட்களில் அவ தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினா, என்னுடன் சோகி உருட்டி விளையாடினா, தோற்றால் கள்ளக்கணக்குச் சொல்லி அளாப்பினா. அந்தச் சின்னம்மாவை இன்னொரு தரம் காணமாட்டேனா என்று இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. ஓவசியர் அவவைக் கண்டதேயில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டு, "இந்த மலையை உடைச்சால் சின்னம்மாவுக்குக் கவலையோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றார்.

சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கேள்வியைச் சொன்னதும் துருவுவதை நிறுத்தினா. ஓமா இல்லையா என்று சொல்ல ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்குப் பொறுமையில்லை. கடைசியில், "ஓமெண்டு சொல்லு. வாடைக்கு இந்தச் சனம் எங்க போறது?" என்றா. மறுநாள் அதை ஓவசியரிடம் அப்படியே ஒப்புவித்தேன். அவர் தலையாட்டிவிட்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார்.

பத்துப் பதினைந்து நாளில் சங்கதி வந்தது. கல்லில் உள்வெடிப்பு இருக்கிறதாம், துறைமுக வேலைக்கு உதவாது என்று ஓவசியர் எழுதிவிட்டாராம், மேலிடம் வேறு மலை பார்த்துவிட்டதாம். ஊர் துள்ளிக் குதித்தது. பிள்ளையாருக்குப் பொங்கி, சீனவெடி கொளுத்தினார்கள். அம்மா மட்டும் அப்பாவிடம் மெதுவாக, "அப்ப அந்தக் கலியாணக் கதை?" என்று கேட்டா.

"நாங்களாப் போய்க் கேக்கிறது மரியாதையில்லை. அவருக்கு விருப்பமெண்டால் வாயைத் திறந்து கேக்கட்டும்" என்றார் அப்பா. மலை தப்பிய பிறகு செவ்வாய் பழையபடி தன் இடத்துக்கு வந்துவிட்டது.

புறப்படுகிற அன்று காலை ஓவசியர் அடுக்குச் சட்டியைத் தானே கொண்டுவந்தார். முதல் தடவையாக எங்கள் படலைக்குள் வந்தார். அப்பா கதிரை போட்டு இருத்தி, கடதாசியில் சுற்றிய கருவாட்டைக் கையில் கொடுத்து, ஊர் உங்களை மறக்காது என்றார். அந்த மனிதர் ஏதோ சொல்லப்போகிறவர்போல இருந்தார். அதற்குள் அப்பா வஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். றோட்டு வரைக்கும் நானும் போய்க் கை காட்டிவிட்டு ஓடிவந்தேன்.

சின்னம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றா. புதுச்சேலை உடுத்தியிருந்தா. பிள்ளையார் கோயிலுக்குப் போகப் போகிறா என்று நினைத்துக்கொண்டேன்.

"போயிட்டாரோ?"

"ஓம். வஸ் ஏறிட்டார்."

"ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை. தண்ணி மட்டும்தான் கேட்டவர். ஒரு செம்பு குடிச்சுப்போட்டு, குசினிப் பக்கம் பாத்து இன்னுமொரு செம்பும் கேட்டவர். சரியான தாகம் போல."

சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினா. பிறகு, "அந்த ரெண்டாவது செம்பை ஆர் கொண்டுபோய்க் குடுத்தது?" என்று கேட்டா.

"நான்தான், கிணத்தடியில அள்ளி" என்றேன். ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோனதையும் சொன்னேன்.