சாவதானமாக இரு

தாராவியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில்நுட்பம் எடுக்கிறேன். சூடான அயனால் ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டரிங் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்களே தவிர, ஒரு வரி புரியவில்லை. வீட்டில் பேசும் மொழியில் படிக்கட்டும் என்று நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. "சூடான அயனைக் கையில் எடுத்ததும் சாவதானமாக இரு" என்று எழுதினேன். அவசரப்படாதே என்றுதான் அர்த்தம்.

முதல் பெஞ்சுப் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அயனை எடுத்தாள். எழுந்து விறைத்து நின்று, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டாள். பாவாடை பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் நான் திரும்பினேன்.

பாய்ந்து அயனைப் பிடுங்கினேன். "லூசா நீ? ஏன் அசையாம நிக்கிற?"

"நீங்கதான டீச்சர் சாவ்தான்னு எழுதியிருக்கிய?"

பி.டி. பீரியடில் மராத்தியில் சாவ்தான் என்றால் அட்டென்ஷன்; 'விஸ்ராம்', அதாவது தளர்ந்து நில், என்று குரல் வரும்வரை அசையக் கூடாது. மைதானத்தில் தினமும் கேட்கிற சத்தம்தான். எழுதும்போது என் காதில் விழவில்லை.

துணியில் ஓட்டை விழுந்ததோடு போயிற்று. ஆனாலும் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வாடை வருகிறது, அவள் அப்படியே நிற்கிறாள். அன்று நான் திட்டினேனே தவிர, விஸ்ராம் சொல்லவே இல்லை.