காலரா வராத கோல்கீப்பர்

டெல்லியில் காலரா பரவிய கோடை அது. வெளியே எதையாவது வாயில் வைத்தவன் அன்றைக்கு ஆடக்கூடாது என்று எங்கள் ஆபீஸ் கால்பந்து அணியின் கேப்டன் கறாராகச் சொல்லியிருந்தார். கோல்கீப்பரான நான் மைதானத்துக்கு வரும் வழியில் ஆறு கோல்கப்பா தின்றுவிட்டேன், நம்மூர் பானிபூரிதான், புளித்தண்ணீரோடு. இடைவேளையில் வயிறு கடமுடா என்றது. யாரும் கேட்காமலே கேப்டனிடம் உளறினேன்.

“சார், எனக்குக் காலரா சார். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க.”

“செத்தா அனுப்பறேன். இப்ப வெளியில உட்காருய்யா.”

எனக்குப் பதில் நின்ற டெஸ்பாட்ச் கிளார்க் மூன்று கோல் விட்டார். தோற்றுக் களைத்து வந்த அத்தனை பேரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். அது ஒரே ஒரு ஏப்பத்தோடு அடங்கியிருந்தது. காலராவே வந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.