செப்புக்குடத்தில் ஊற்றிய கடல்நீர்

என் அப்பா சுந்தரலிங்கம் இருபத்தாறு வருடம் திருகோணமலையிலிருந்து மாத்தளைக்கு மீன் லொறி ஓட்டினார். போன மாதம் இறந்தார். நெஞ்சுவலி. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். கரைக்கடல் நீரில் செம்பு எவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்பு குறிக்கும் வேலை. படகின் அடியில் பூசும் பெயின்டிலிருந்து அது கரைந்து வருகிறது. வரைவில் இருந்த எண், குளிர்நாட்டுக் கடல் உயிர்களை வைத்துப் போட்டது. நம் கடலுக்கு அது பொருந்துமா என்று பார்க்க எனக்குப் பாறைகளில் ஒட்டி வாழும் முள்பந்து போன்ற கடல் முள்ளெலிகள் உயிரோடு வேண்டும்; அவற்றின் குஞ்சுகளைச் செம்பு கலந்த நீரில் விட்டுப் பார்ப்பேன். அப்பா மீன் பெட்டிகளுக்கு நடுவே ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே இரண்டு கேன் கடல்நீர். தம்புள்ளையில் மீன் எடுக்கும் ரவூப் நானா, "லிங்கம் இப்ப மீன விட்டுட்டு முள்ளு ஏத்துறாரு" என்று கேலி செய்வாராம்.

வரம்பை முடிவு செய்யும் குழுவின் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் சோதனை கெட்டது. செம்பே சேர்க்காத நீரில் விட்ட குஞ்சுகளும் உருக்குலைந்து கிடந்தன. அப்படியானால் முழுச் சோதனையும் செல்லாது. வரைவு எண்ணே நிறைவேறிவிடும்.

வீட்டுக்குப் போய் அப்பாவைக் குடைந்தேன். ஒரு கேன் ஒழுகியதாம். வேறு கேன் தேடிக் கழுவும்வரை, பால்குடத்துக்கு வைத்திருந்த செப்புக்குடத்தில் நீரை ஊற்றி வைத்திருக்கிறார்.

"செப்புக்குடத்துல தண்ணி கெடாதும்மா. சுத்தமா இருக்கட்டும்னுதான் ஊத்துனேன்."

திட்ட வாயெடுத்து நிறுத்தினேன். ஆய்வுகூடத்துக்கு ஓடிப்போய் மீந்த நீரை அளந்தேன். அதில் செம்பு, வரைவு எண்ணில் பாதிகூட இல்லை. அதற்கே குஞ்சுகள் கெட்டிருக்கின்றன.

ஒரு தவறு சான்று ஆகாது. செம்பை அளந்து சேர்த்து இன்னும் மூன்று முறை செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஒன் படிப்புக்கு லோடு அடிச்சே நான் ஓஞ்சிருவேன் போல," என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார்.

ஆறு நாளில் மூன்று பயணம். கடைசி முறை ஆய்வுகூடத்துக்கே வந்து நுணுக்குக்காட்டியில் கண் வைத்தார். நல்ல நீரில் குஞ்சுகள் கை நீட்டி நீந்தின. வரைவு எண்ணில் ஒன்றுகூட நீந்தவில்லை.

"இவ்வளவு செம்பு இருக்கலாம்னா எழுதி வச்சிருந்தீங்க?" என்றார். என்னைத்தான் கேட்டார்.

குழு வரம்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. லொறியோடு தம்புள்ளையில் நின்ற அப்பாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தத்தில் ரவூப் நானா போனைப் பிடுங்கி என்னவென்று கேட்டார்.

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், புது வரம்பின்படி முதல் கடல்நீர் மாதிரிகளை எடுக்கப் போனேன். ஒரு படகுத்துறையில் செம்பு புது வரம்பை மீறியிருந்தது. வரைவு எண்ணில் அது தேறியிருக்கும். துறைக்கு வெளியே இருந்த பாறையில் முள்ளெலிகள் இன்னும் இருந்தன, முப்பத்தெட்டு எண்ணினேன். அந்தத் துறையில் படகு சுரண்டிப் பெயின்ட் அடிப்பதை நிறுத்தச் சொல்லி இன்று காலை கடிதம் போய்விட்டது.