அங்கன பிரேக் கெடையாது

பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். இது பட்டப்பகலில் நடந்தது. உப்பளத்து வெயிலில், கண் கூசும் வெளிச்சத்தில் நடந்தது. ஒரு வரி கூடக் கற்பனை இல்லை. செல்வராணி இன்றைக்கும் தூத்துக்குடியில் தன் மீன்பிடிச் சாமான் கடையில் உட்கார்ந்து கயிறும் தார்ப்பாயும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். போய்க் கேட்டால் சொல்ல மாட்டாள். பயத்தால் அல்ல. வெட்கத்தால்.

அவளுக்கு ஐம்பத்தோரு வயது. கணவர் அய்யாக்குட்டி போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை காரில் அவளுக்கு ஒரே இடம்தான். முன்னால், இடது பக்கம். அவர் வேகமாக ஓட்டுவார். எதிரே லாரி வரும்போது செல்வராணியின் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

"ஏளா, அங்கன பிரேக் கெடையாது."

திருச்செந்தூருக்குப் போகும்போதெல்லாம் சொல்வார். கல்யாண வீடுகளில் நாலு பேர் முன்னால் அவள் தரையை மிதிப்பது போலவே மிதித்தும் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவர் போன பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கடைக்குச் சரக்கு ஏற்றத்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். கற்றுக்கொண்டபோதுதான் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்தது. அவளுக்கு வேகம் பிடித்திருந்தது. இந்த வயதில், இந்த வெள்ளைப் புடவையில், இப்படி ஒரு ஆசை. யாரிடம் சொல்வது?

முள்ளக்காட்டைத் தாண்டி ஒரு உப்பளத்துக்குத் தார்ப்பாய் கொடுக்கப் போனபோதுதான் அந்த வண்டியைப் பார்த்தாள். உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது. ஆக்டேவியா ஆர்.எஸ். கார், 2004 மாடல். வெள்ளி நிறம் மங்கிச் சாம்பலாகியிருந்தது. நாலு டயரும் தரையோடு படிந்திருந்தன. கதவின் அடியில் துரு பொரிந்து நின்றது.

அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் பழையகாயல் பாலம் தாண்டி அவர்களை முந்திப் போன வண்டி. அய்யாக்குட்டி விரட்டிப் பார்த்துத் தோற்றார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் உள்ளுக்குள் எவ்வளவு ரசித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

உப்பளத்து முதலாளி செல்வதுரை ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். இப்போது பார்த்துக்கொள்வது அவருடைய மைத்துனர். எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்.

"பையனுக்கு," என்றாள் செல்வராணி எல்லோரிடமும். "இந்த வண்டின்னா அவனுக்கு உசுரு."

மஸ்கட்டில் இருந்த மகன் ஜெயகணேஷுக்கு அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாது. அவள் வாழ்க்கையில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. அதற்கும் ஒரு பொய் தேவைப்பட்டது.

வண்டி முத்தையாபுரத்தில் மெக்கானிக் வெள்ளத்துரையின் ஷெட்டுக்குப் போனது. எட்டு மாதம் ஆயிற்று. எலி கடித்த வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. பெட்ரோல் டேங்கைக் கவிழ்த்தால் துருத்தூள்தான் கொட்டியது. எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ சுற்றவில்லை, பிரேக் இறுகிக் கிடந்தது. சில பாகங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தன, சில டெல்லியிலிருந்து.

"உப்புக்காத்து தின்னது போக மிச்சத்தத்தான் ஒங்களுக்கு வித்திருக்காவ," என்பான் வெள்ளத்துரை.

அவள் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வருவாள். உப்புத்தாள் எடுத்து அவளே துருவைத் தேய்ப்பாள்.

ஒருநாள் வெள்ளத்துரை சீட்டுகளைக் கழற்றினான். இடது பக்கத்துக் கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே தகரம் லேசாகக் குழிந்திருந்தது. வண்டியின் அடி முழுக்கத் துரு. அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. நேற்று வரை யாரோ தேய்த்துக்கொண்டே இருந்த மாதிரி.

"பாத்தியளா யக்கா? ஓட்டுன ஆளு ஒருத்தரு. பிரேக் போட்ட ஆளு வேற," என்று சிரித்தான். "அந்த முதலாளி வீட்டம்மாவா இருக்கும். அவுகளும் இந்நேரம் போய்ச் சேந்திருப்பாவ."

செல்வராணி சிரிக்கவில்லை. அந்தக் குழியில் தன் வலது காலை வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை.

புதுக் கார்பெட் போட்டார்கள். வண்டி வெள்ளியாக மின்னியது. கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யார் பெயருக்கு அர்ச்சனை என்று பூசாரி கேட்டார். அவள் மகன் பெயரையும் அவன் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"ஓட்டப் போறது நீங்கதான?" என்றான் வெள்ளத்துரை மெதுவாக. "ஒங்க பேரையும் சேத்துச் சொல்லுங்க யக்கா."

"பையன் வண்டி," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கிடையாது. ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். பார்க்க ஆள் இல்லாத அந்த நேரத்தில் அவள் வண்டியை எடுப்பாள். முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். ரோடு நேராகக் கிடக்கும். மூன்றாவது கியரில் அழுத்தினால் டர்போ பிடித்துக்கொள்ளும். முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்கியது போல இருக்கும்.

முதல் ஞாயிறு, அந்த நொடியில்தான் அது கேட்டது.

ஸ்ஸ்...

பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

ஏதோ ஹோஸில் காற்று ஒழுகுகிறது என்று நினைத்தாள். வெள்ளத்துரை மறுநாள் முழுக்கத் தேடினான். "எல்லாம் புது ஹோஸ் யக்கா. ஒண்ணுலயும் ஒழுகல."

இரண்டாவது ஞாயிறு. எதிரே உப்பு லாரி வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

டொம்.

இடது பக்கம். தரையிலிருந்து வந்தது.

வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மெதுவாக ஓட்டினாள். சத்தம் இல்லை. வேகம் எடுத்தாள்.

டொம்.

மூன்றாவது ஞாயிறு கிளம்பும் முன் கையால் இடது பக்கக் கார்பெட்டைத் தடவிச் சரிசெய்தாள். திரும்பி வந்து பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு நூல் படிந்து கிடந்தது. குதிகால் ஆழமாக. விரல்கள் பக்கம் லேசாக.

அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காக அவளே போட்ட சத்தம் அது.

வேறு யாராக இருந்தாலும் அன்றே சாவியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். செல்வராணி எறியவில்லை. அவள் யாரிடமும் சொல்லாத இடம் இதுதான்... அடுத்த ஞாயிறு அவள் இன்னும் வேகமாகப் போனாள். அந்தக் கால் மிதிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே போனாள். மிதித்தது. உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. தன் பக்கத்தில் ஒருத்தி பயப்படுகிறாள். தான் பயப்படவில்லை. இத்தனை காலம் அய்யாக்குட்டிக்கு எது அவ்வளவு இனித்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

செத்தவள்தானே என்று நினைத்துக்கொண்டாள். திரும்பச் சாகவா போகிறாள்?

உண்மையிலேயே செத்தவள்தானா என்று கேட்டிருக்கலாம். அந்த மைத்துனருக்கு ஒரு போன் போட்டால் போதும். கேட்கவில்லை. கேட்டால் நிறுத்த வேண்டி வந்துவிடுமோ என்று இருந்தது.

ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை செல்வதுரையின் மகள் பொன்செல்வி போன் செய்தாள். ஆறுமுகநேரியில் இருக்கிறாளாம். வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்தபோது வண்டியின் இரண்டாவது சாவி கிடைத்ததாம். வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் மணி இரண்டேகாலுக்குச் செல்வராணி கிளம்பினாள்.

முள்ளக்காடு தாண்டியதும் அழுத்தினாள். நூறு. நூற்றிப் பத்து.

ஸ்ஸ்...

முன்னால் ஒரு லாரி. எதிரே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இடம் இருந்தது. இருந்தது போல் இருந்தது.

டொம். டொம்.

இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். சீட் காலி. கீழே கார்பெட்... அவள் கண் முன்னாலேயே அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது.

நூற்றி இருபது.

டொம். டொம். டொம்.

இடைவெளிக்குள் நுழைந்து வெளியே வந்தாள். லாரிக்காரனின் ஹாரன் பின்னால் தேய்ந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏளா," என்றாள் காலி சீட்டைப் பார்த்து. "அங்கன பிரேக் கெடையாது."

காருக்குள் அந்தக் குரல் நின்றது.

அது அவள் குரலாக இல்லை.

மிதி நிற்கவில்லை... வேகம் கூடியது. டொம்டொம்டொம்டொம்... அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பழையகாயலிலிருந்து ஆறுமுகநேரி வரை சைக்கிளெல்லாம் முந்திப் போகும்படி உருட்டிக்கொண்டு போனாள்.

பொன்செல்வி வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். கலைந்த தலை, முகமெல்லாம் வியர்வை.

"வாங்கக்கா. மன்னிச்சிக்கிடுங்க, வீடு போட்டது போட்டபடி கெடக்கு. அம்மா இப்பத்தான் அடங்குனாவ."

"எந்த அம்மா?"

"எங்க அம்மாதான். சந்தனச்செல்வி. அப்பா எறந்த மாசமே பக்கவாதம் வந்து படுத்தாவ. வலது பக்கம் உணர்ச்சியே கெடையாது."

செல்வராணி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

உள்ளே கட்டிலில் சந்தனச்செல்வி கண்மூடிக் கிடந்தாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகை வைத்துக் கட்டியிருந்தது. பலகையில் தலையணை. வலது கால் வீங்கி, பெருவிரல் நகம் பிளந்து, ரத்தம் கசிந்திருந்தது.

"ஆறு வருசம் அசையாத காலு," என்றாள் பொன்செல்வி. "இப்ப அஞ்சு மாசமா இப்படி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் வருது. கட்டிலே ஆடுத மாதிரி மிதிப்பாவ. டாக்டரு நரம்பு இழுக்குன்னு சொல்லுதாரு. நரம்புக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமாக்கா?"

"பேசுவாங்களா?"

"பேச்சு போயிட்டு. அந்த நேரத்துல மட்டும் ஒரே வார்த்தை வரும். மெதுவா, மெதுவான்னு. இன்னைக்கு அழுதுட்டாவ. இது வரைக்கும் அழுததில்ல."

சந்தனச்செல்வியின் கண்கள் திறந்தன. மகளைப் பார்க்கவில்லை. செல்வராணியின் முகத்தைப் பார்த்தன. பிறகு மெல்ல இறங்கி அவளுடைய வலது காலில் நின்றன.

அங்கேயே நின்றன.

அவள் சாவியை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

அன்று மாலையே வண்டியை வெள்ளத்துரையின் ஷெட்டில் விட்டாள். பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். யார் கேட்டாலும் கொடுத்துவிடச் சொன்னாள்.

"எட்டு மாசம் ஒங்க கையால தேச்ச வண்டி யக்கா."

"பையனுக்கு வேண்டாமாம்," என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் கடை இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தாள். இனி ஒன்றும் இல்லை, முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. கண்ணை மூடினாள்.

ரோடு வந்தது.

அவள் கூப்பிடவில்லை. அதுவாக வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள். மூன்றாவது கியர். முதுகை அமுக்கும் அந்த சுகம். நூறு... நூற்றி இருபது... லாரி இல்லை, ஆள் இல்லை, வெட்கம் இல்லை. நூற்றி நாற்பது...

போன் அடித்தது.

"அக்கா, நான் பொன்செல்வி. தூங்குத நேரத்துல கூப்பிட்டுட்டேனோ?"

"இல்ல... சொல்லும்மா."

போனில் பொன்செல்விக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொம். டொம். மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது.

"அம்மாவுக்கு இன்னைக்கும் வந்துட்டுக்கா. இவ்வளவு வேகம் ஒருநாளும் இல்ல. பலகை ரெண்டாப் பொளந்துட்டு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தூத்துக்குடில நல்ல நரம்பு டாக்டர் யாரும் தெரியுமா ஒங்களுக்கு?"

செல்வராணி எழுந்து உட்கார்ந்தாள்.

"வண்டி ஷெட்லதான் நிக்கு," என்றாள். "பேட்டரியக்கூட கழட்டியாச்சு. நான் எடுக்கவே இல்ல."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பொன்செல்வியின் குரல், ரொம்பத் தாழ்ந்து...

"நான் வண்டியப் பத்தி ஒண்ணுமே கேக்கலையேக்கா."